தெற்கே போனால் கிழக்கு வாசல்

—அதெல்லாம் சரி தம்பி. ஆணி அடிப்பியா?

—எதுல அய்யா?

—வண்டியிலதான். செவுத்துல.

—அய்யா, இது வேனு. சுத்தியும் தகரம். இதுல எவன் ஆணி அடிப்பான்?

—அடிக்க மாட்டேன்னு வாயால சொல்லு. பதினோரு வருஷம் இதுலயே தூங்கி எந்திரிச்சவன் இந்த செல்லப்பன். ஒரு ஓட்ட இருக்குதா பாரு.

—பீமு, இன்னா இவரு? ஃபோன்ல விக்கறேன்னுதான சொன்னாரு?

—மதி, டென்ஷன் ஆகாத. நான் பேசறேன். அடிக்க மாட்டோம்யா.

—ஆய்த்து. பேரு இன்னா சொன்ன?

—பீமாராவ். இது என் வீட்டம்மா, வெண்மதி. போன வாரமே ஃபோன்ல சொன்னேனே, தண்ணி ஃபில்டர் மாட்டற வேலன்னு. வல்லம், அவலூர்பேட்டன்னு ஊர் ஊரா சுத்தறவன். வேன் இருந்தா வேலைக்கும் ஆச்சு, படுக்கறதுக்கும் ஆச்சு. நம்ம பக்கம் இந்த மாதிரி வண்டி மூணு லட்சம் சொல்றான். நீங்க கர்நாடகா வண்டி, பாதி வெல. அதான் ஓடி வந்தோம்.

—ஹௌதா, அப்படியா. அம்மாவுக்கு இன்னா வேல?

—ஆஸ்பத்திரி லேப்ல ரத்தம் எடுக்கறேன். எதுக்குக் கேக்கறீங்க?

—கேக்கணும்ல. யாரு, எவருன்னு தெரியாம எப்படிக் குடுக்கறது? மொத்தம் எத்தன பேரு?

—ரெண்டே பேருதான்யா.

—சொந்தக்காரங்க வந்தா எத்தன நாள் தங்குவாங்க?

—எங்க தங்குவாங்க? ஸ்டெப்னி மேலயா?

—மதி...

—இல்ல பீமு, நான் நெஜமாவே கேக்கறேன்.

—ரெண்டு நாளைக்கு மேல ஆகாது, சொல்லிட்டேன். தண்ணி டேங்கு நாப்பது லிட்டரு. ஒரு மச்சான் வந்தா காலி. அப்புறம் தம்பி, கருவாடு?

—கருவாடு... வாரத்துல ஒரு நாளு.

—கதவத் தெறந்து வெச்சுத்தான் வறுக்கணும்.

—அய்யா, கதவத் தெறந்து வெச்சா ஓட்ட முடியாது.

—ஓட்டிக்கிட்டே எதுக்கு வறுக்கற? நின்னு வறு. நிதானமா வறு. அவசரப்பட்டுத்தான் எல்லாம் கெடுது. சரி, வாசல் எந்தப் பக்கம்னு பாத்தியா?

—சைடு கதவுதான? எடது பக்கம்.

—அது கெடக்கட்டும். தெச கேக்கறேன். வண்டி தெக்க போச்சுன்னா வாசல் கெழக்கு. ஒசத்தி. வடக்க போச்சுன்னா மேற்கு. சுமாரு. திண்டிவனம் போற, வடக்கு வாசல், காசு வரும். திருவண்ணாமல போற, தெக்கு வாசல், ஆகாது. ஆனா சாமி பாக்கப் போறதால பரவாயில்ல, மன்னிச்சு வுட்டுடும்.

—அப்ப தெக்க போறதுதான் நல்லதுன்றீங்க.

—நான் அப்படித்தான் ஓட்டினேன்.

—தெக்கயே போனா கன்னியாகுமரி வந்துடுமே அய்யா. அப்புறம்?

—ரிவர்ஸ்ல வா. வாசல் மாறாது.

—பீமு, மணி நாலே முக்காலு. அங்க ரோட்டோரமா அன்புமணி குட்டியானையில நம்ம பீரோவ ஏத்திக்கிட்டு ஹாரன் மேல ஹாரன் அடிக்கறான். ஆறு மணிக்கு வீட்டுச் சாவிய ஓனர்கிட்ட குடுக்கணும். குடுத்துட்டா நமக்கு தல சாய்க்க எடம் கெடையாது. இவரு கன்னியாகுமரிலருந்து ரிவர்ஸ்ல வரச் சொல்றாரு.

—இரு மதி. அய்யா, வண்டி எங்களுக்குப் புடிச்சிருக்குது. இஞ்சின் சத்தம் கேட்டேன், ஜம்முனு இருக்குது. காசு கையில இருக்குது. என்.ஓ.சி. வாங்கி வெச்சிருக்கேன்னு சொன்னீங்களே?

—இந்தா, கவர்ல. தண்ணி படாம வெச்சிருக்கேன். இங்க ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல இத வெச்சு உன் பேருக்கு மாத்திக்கணும். வீட்டு அட்ரஸ் கேப்பாங்க.

—அட்ரஸா?

—அட்ரஸ் இல்லாம எப்படி மாத்துவான்?

—பாத்தியா மதி. வீடு இல்லன்னுதான் வண்டி வாங்கறோம். வண்டி வாங்க வீடு வேணுமாம்.

—எங்க அம்மா வீட்டு அட்ரஸ் போடலாம். வல்லம். ரேஷன் கார்டு இன்னும் அங்கதான் இருக்குது.

—அப்ப அங்கயே போய் இருக்கலாமேம்மா?

—ஒரே ரூம்பு அய்யா. அதுல எங்க அம்மா, எங்க அண்ணன், அண்ணி, மூணு பசங்க. பீரோவ உள்ள வெச்சா அண்ணன் வெளிய நிக்கணும். அது போவட்டும். ஃபாரத்துல கையெழுத்து போடறீங்களா?

—போடறேன், போடறேன். வண்டிய பாதி பாத்துட்டுப் போவாத. இந்த அடுப்பு உனுக்கு. இந்தப் பலக உனுக்கு, பகல்ல பெஞ்சி, ராத்திரி கட்டிலு. கொசுவல உனுக்கு.

—அந்த மூலையில துண்டு சுத்தி வெச்சிருக்கறது?

—அதத் தொடாத தம்பி.

—கண்ணாடியா அய்யா?

—அது வண்டியோட சேந்தது இல்ல. என்னோட வருது. சரி, கடைசியா ஒண்ணு. காலி பண்ணும்போது பெயிண்டு அடிச்சுக் குடுக்கணும்.

—காலி பண்ணும்போதா? அய்யா, நீங்க விக்கறீங்களா, வாடகைக்கு வுடறீங்களா?

—விக்கறேன்பா. இருந்தாலும் பேசிக்கறது நல்லதுல்ல. ஆய்த்து, எல்லாம் கேட்டாச்சு. இன்னும் ஒண்ணே ஒண்ணுதான்.

—கேளுங்க.

—கேட்டா தப்பா நெனைக்கக் கூடாது.

—கேளுங்க அய்யா.

—நீங்க... இன்னா ஆளுங்க?

—பீமு, எறங்கு.

—மதி, இரு...

—எறங்குன்றேன். அன்புமணிய வரச் சொல்லு. பீரோவ இந்த மலையடிவாரத்துலயே நிறுத்தி வெச்சு அதுக்குள்ள போய் குடும்பம் நடத்தலாம். அய்யா, உங்களுக்கு எங்க நைனா வயசு இருக்கும், அதனால மரியாதையா சொல்றேன். மூணு வருஷத்துல அஞ்சு வீடு பாத்தோம். மொத வீட்டுல ஓனரம்மா எல்லாம் பேசி முடிச்சு, தண்ணி குடுத்து, நான் குடிச்சு முடிச்சப்புறம் இதக் கேட்டாங்க. டம்ளர என்கிட்டயே குடுத்துட்டாங்க, எடுத்துட்டுப் போம்மான்னு. இன்னும் இந்தப் பையிலயே வெச்சிருக்கேன், எவர்சில்வர் டம்ளரு. நல்ல கனம்.

—மதி, அவரு ஏதோ தெரியாம...

—தெரியாம ஒண்ணும் இல்ல. இப்ப இருக்கற வீட்ட கேளுங்க அய்யா. அந்த ஓனர் கேக்கவே இல்ல. இவரு பேரு பீமாராவ்னதும், அவரே ராவ்னு முடிவு பண்ணிட்டாரு. செஞ்சிக் கோட்டைய ஆண்ட மராட்டிய வம்சம்னு தெருவுல வீடு வீடாப் போய் சொல்லியிருக்காரு. வாடகையில ஐநூறு கொறச்சாரு. உங்க வீட்டுல பழைய வாளு ஏதாவது இருக்குதான்னு கேட்டாரு.

—நான் அருவாமன இருக்குதுன்னேன் அய்யா. ராஜ வம்சத்துக்கு எவ்ளோ அடக்கம் பாருன்னு சொன்னாரு.

—இவரு ஒருத்தரு, எல்லாத்துக்கும் சிரிப்பு. எட்டு மாசம் அய்யா. எட்டு மாசமா எங்க அம்பேத்கர் படத்த கட்டிலுக்கு அடியில துணியில சுத்தி வெச்சிருந்தோம். போன ஏப்ரல் பதினாலு, மனசு கேக்கல, முன் ரூம்புல மாட்டலாம்னு ஒரு ஆணி அடிச்சாரு இவரு. சத்தம் கேட்டு ஓனர் மாடிலருந்து ஓடி வந்தாரு, செவுரு போச்சேன்னு கத்திக்கிட்டே. படத்தப் பாத்தாரு. ஆணியப் பத்தி அப்புறம் ஒரு வார்த்த பேசல. பொண்ணு ஊர்லருந்து வருது, வீடு வேணும்னாரு. அவருக்குப் பொண்ணே கெடையாது.

—ரெண்டும் பசங்க அய்யா.

—வண்டி கேக்காதுன்னு நெனச்சோம். வண்டியாவது கேக்காதுன்னு. நீங்க கேட்டுட்டீங்க. அவ்ளோதான். வா பீமு.

—இரும்மா. ஒக்காரும்மா. நீ இன்னா ஆளுன்னு உன் வீட்டுக்காரர் பேரச் சொன்னப்பவே எனுக்குத் தெரியும். கோலார் தங்க வயல்ல எங்க லைன் ஊட்டு வரிசையில மட்டும் நாலு பீமாராவ் இருந்தானுங்க.

—தெரிஞ்சேவா கேட்டீங்க?

—மைன்ஸ் மூடினப்புறம் பெங்களூர் போனேன்மா. டிரைவர் வேல. எத்தன ஊட்டுக் கதவ தட்டினேன் தெரியுமா? ஆணி அடிப்பியா, கருவாடு வறுப்பியா, எத்தன பேரு, எல்லாம் கேப்பாங்க. கடைசியா இதக் கேப்பாங்க. போதும்டான்னு இந்த வேன வாங்கிப் படுத்தேன். படுத்தவனுக்கு ஒரு ஆச. ஒரே ஒருவாட்டி அந்தப் பக்கம் நின்னு நானும் கேட்டுப் பாக்கணும். கேக்கறவனுக்கு எப்படித்தான் இருக்கும்னு. எனுக்கு சொந்த ஊடு இல்ல, நான் யாரப் போய் கேக்கறது? வண்டிய வாங்க வந்த உங்களத்தான் கேட்டேன். மொதல்ல ஜாலியாத்தான் இருந்துச்சு. அந்த ரிவர்ஸ் எல்லாம்.

—கடைசி கேள்வி?

—வாய் கசக்குதும்மா. வேப்பங்கொட்டைய மென்ன மாதிரி. மன்னிச்சுக்கோ.

—சரி. தண்ணி குடிங்க. இந்தாங்க, அதே டம்ளருதான்.

—கனமாத்தான்மா இருக்குது.

—அய்யா, அழுவாதீங்க. நான் டென்ஷன் ஆயிடுவேன். கருவாடு வறுக்கும்போது உங்களுக்கும் குடுத்து அனுப்பறோம். ஃபாரம் எங்க? இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு. அவ்ளோதான். எண்ணிக்கோங்க.

—எண்ண வேணாம்பா. இந்தா வண்டிச் சாவி. ரெண்டாவது கியர் கொஞ்சம் சண்ட போடும். தட்டிக் குடுத்துப் போடு.

—இவ்ளோ நாள் இருந்துட்டு இப்ப ஏன் அய்யா விக்கறீங்க?

—முட்டிம்மா. இதுக்குள்ள நேரா நிக்க முடியாது. பதினோரு வருஷமா கூனியே டீ போட்டிருக்கேன். அறுபத்திரண்டு ஆவுது. நேரா நின்னு சட்ட மாட்டணும். மல்லாந்து படுத்தா தலைக்கு மேல ஒரு ஃபேன் சுத்தணும். வேற ஒண்ணும் வேணாம்.

—அதுக்கு வீடு வேணுமே.

—கெடச்சிருச்சு. இதே ஊர்ல.

—செஞ்சிலயா? உங்களுக்கா? எப்படி?

—நேத்து மத்தியானமே வந்துட்டேன். டீ குடிக்க எறங்கினா எதுத்த ஊட்டுல போர்டு தொங்குது. சும்மா கேட்டுப் பாப்போம்னு போனேன். ஓனர் என் வண்டி நம்பரப் பாத்தாரு. என் பேச்சக் கேட்டாரு. எந்தப் பக்கம்னாரு. நான் கன்னடத்துல, ஊட்டா ஆய்த்தா, சாப்ட்டீங்களான்னு கேட்டேன். அவ்ளோதான் கேட்டேன். ஓ, அங்கத்து கவுடாவா நீங்கன்னு அவரே சொல்லி, அவரே தலையாட்டி, அவரே காபி குடுத்தாரு.

—நீங்க ஒண்ணும் சொல்லலியா?

—காபி நல்லா இருக்குதுன்னு சொன்னேன்.

—மதி, வெளி மாநிலத்து ஆளுன்னா நம்ம ஊர்க்காரனுக்குக் கணக்கு போடத் தெரியல. நாம தப்பு பண்ணிட்டோம். வண்டிக்குப் பதிலா கன்னடம் வாங்கியிருக்கணும்.

—இரு பீமு. அய்யா, எந்தத் தெரு? வீடு எப்படி இருக்குது?

—தெரு பேரு வாயில வரல. மஞ்ச பெயிண்டு. ஓனர் மாடியில இருக்கறாரு, கீழ நமக்கு. வாசல்ல ஒரு சின்ன முருங்க.

—பூ வெச்சிருக்குதா?

—ஆமா, இப்பதான் வெச்சிருக்குது. பழைய ஆளுங்க இன்னும் உள்ள இருக்காங்க, இன்னிக்கு சாயங்காலம் காலி பண்ணிடுவாங்கன்னாரு. ஜன்னல் வழியாத்தான் காட்டினாரு. பின்னாடி பாத்ரூமுதான் ஒரே தொந்தரவு போல, அதோட கதவு...

—தாழ்ப்பா போடணும்னா கதவத் தூக்கிப் புடிக்கணும்.

—அதத்தான் அவரும் சொன்னாரு. உனுக்கு எப்படிம்மா...

—இந்தாங்க.

—இன்னாது இது?

—உங்க வீட்டுச் சாவி. ஆறு மணிக்கு ஓனர்கிட்ட குடுக்கறதுக்காக இடுப்புல சொருகி வெச்சிருந்தேன்.

—அய்யய்யோ. அப்ப உங்க ஊட்டையா நான்... வேணாம்மா. அந்தாளுகிட்ட வேணாம்னு சொல்லிடறேன். எனுக்கு ஊடே வேணாம்.

—சொல்லிடாதீங்க. அந்த முருங்க நான் நட்டது. எட்டு மாசமா குடத்துல தண்ணி தூக்கி ஊத்தினேன். காய்க்கற நேரத்துல வுட்டுட்டு வரேனேன்னு காலையிலருந்து வயிறு எரியுது. நம்மாளு ஒருத்தர் அங்க இருந்தா நான் நிம்மதியா தூங்குவேன்.

—மதி, பீரோ வேன்ல நொழையாது. நான் அப்பவே அளந்துட்டேன், ஒனக்குச் சொல்லல.

—தெரியும். அன்புமணிகிட்ட சொல்லு, வண்டிய திருப்பிக்கிட்டுப் போயி எங்க ஏத்தினானோ அங்கயே எறக்கட்டும். யாரு பீரோன்னு கேட்டா கவுடா பீரோன்னு சொல்லட்டும். அப்புறம் பெரிப்பா...

—சொல்லும்மா.

—அந்தத் துண்ட அவுத்துடுங்க. உள்ள இன்னா படம்னு எனக்குத் தெரியும்.

—வேணாம்மா. அங்கயும் அது உங்க படம் மாதிரி கட்டிலுக்கு அடியில இருக்கட்டும். அந்தாளு பாத்துட்டா?

—டென்ஷன் ஆகாதீங்க பெரிப்பா. தெரு முனையில தெக்க பாத்து வேன் நிக்கும், கெழக்கு வாசல். தொரத்தினா நேரா வந்து ஏறிக்கோங்க. ரெண்டு நாளைக்கு மேலயும் தங்கலாம்.

—அதுக்கு இல்ல தம்பி. மாட்டணும்னா ஆணி அடிக்கணும். சத்தம் கேக்குமே.

—கேக்காது பெரிப்பா. முன் ரூம்பு, கெழக்கு செவுரு. எங்க ஆணி அங்கயேதான் இருக்குது.