'ஐ' என்று தொடங்கும் பாட்டு

எழுபதுகளில் ஒரு மாலை, கடல் கடந்து வந்த நகரத்தில், செவன் ஹில்ஸ் பக்கம் போகும் புறநகர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு யாழ்ப்பாணப் பெண்கள் இருந்தார்கள். மூத்தவள் சொன்னாள்:

"ஸ்பெயின் ஆக்களின்ர பாட்டும் 'ஐ' எண்டுதான் தொடங்குது. எங்கட ஐயோ மாதிரி."

"எங்க கேட்டனீங்கள் அக்கா?"

"என்னோட வேலை செய்யிற ஸ்பானிஷ் மனிசி வீட்டில. தேப்பன் பாட, தமையன் கிற்றார் வாசிச்சான். மற்றவை கைதட்டித் தாளம் போட்டவை. ஆட்டம் கடைசியிலதான். ஃபிளமெங்கோ எண்டு அதுக்குப் பேர். அதில பாட்டுத்தானாம் முதல்."

"ஆர் தொடங்கினதாம்?"

"ஜிப்சி ஆக்களாம். அவையின்ர முன்னோர் இந்தியாவில இருந்து போனவையாம். ஸ்பெயினில அரபுப் பாட்டும் யூதப் பாட்டும் அதில கலந்ததாம்."

"நல்லாய் இருந்ததோ?"

"அம்மா செத்த தந்தி வந்த அண்டைக்கு நான் அழேல்லை. ஊருக்குப் போகவும் ஏலாமப் போச்சு. அந்தப் பாட்டுக்குத்தான் அழுதன். அந்த வீட்டில இருந்து வெளிக்கிடேக்க 'போட்டு வாறன்' எண்டு சொல்ல வாய் வரேல்லை. எனக்கு அது அம்மான்ர செத்த வீடு மாதிரி இருந்தது. செத்த வீட்டில அப்பிடிச் சொல்லக் கூடாதெல்லோ."

செவன் ஹில்ஸ் வந்தது. இளையவள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"சரி அக்கா, போட்டு..."

அதோடு நிறுத்திக்கொண்டாள். அக்காவின் கையை ஒருமுறை பிடித்துவிட்டு இறங்கிப் போனாள்.