பத்தொன்பது எழுத்துச் சீக்கு

"காய்ச்சலுக்கு இங்கிலீசுல அஞ்செழுத்துதான் தாயி. இவிய சீக்குக்குப் பத்தொன்பது. எம்மவ எண்ணிச் சொன்னா."

பாளையங்கோட்டை போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையிலிருந்த ஓர் அம்மா, பக்கத்திலிருந்த நர்சிங் மாணவியிடம் மருந்துச்சீட்டை நீட்டினார். அந்த அம்மாவின் கணவர் டிரைவருக்குப் பின்னால் கழுத்தில் துண்டோடு விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"டாக்டரு ஒண்ணுமில்லங்காரு. சின்னச் சீக்குக்கு இம்மாம் பேரு வைப்பாவளா? மறைக்காவ. ஒரு வாரமா எனக்கு உறக்கமில்ல."

மாணவி வாசித்தாள். "ஸ்டெர்னோக்ளைடோமாஸ்டாய்டு. யம்மா, இது கழுத்துச் சதையோட பேரு. அதுல சுளுக்குன்னுதான் எழுதிருக்கு."

"சதைக்கா இத்தன பேரு?"

"மார்பெலும்பு, காறையெலும்பு, காதுக்குப் பின்னால உள்ள எலும்பு, மூணையும் பிடிச்சிருக்குல்லா? மூணு பேரையும் சேத்து வச்சிட்டாவ."

"நாம பிள்ளைக்குக் குலசாமி பேரு, ரெண்டு தாத்தா பேரு எல்லாம் சேத்து வைக்க மாதிரியா?"

"ஆமா. அந்தச் சதையாலதான் தலையத் திருப்புதோம்."

"எனக்கும் இருக்கா?"

"எல்லாருக்கும் உண்டு. பக்கத்துக்கு ஒண்ணு."

"ரெண்டா!" அந்த அம்மா கழுத்தை இருபுறமும் தடவிப் பார்த்தார். நானும் தடவிப் பார்த்தேன். "யாத்தே, பேரு தெரியாமலே இத்தன வருசம் திருப்பிக்கிட்டு இருந்திருக்கேன்!"

சட்டென்று எழுந்தார். "ஏங்க! வெறும் சுளுக்குதானாம்!"

பேருந்து முழுவதும் திரும்பிப் பார்த்தது. கணவர் மட்டும் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னார்: "அதத்தானட்டி நானும் ஒரு வாரமா சொல்லுதேன்."