நடுவுல ரெண்டு வரி

காலைல அஞ்சு மணி. கடைத்தெருவுல ஈ காக்கா இல்ல. எல்லா ஷட்டரும் இறங்கிக் கிடக்கு... ஒரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைல மட்டும் பின்ரூம்ல லைட் எரியுது.

கிட்ட வா, இது கத்திச் சொல்ற கதை இல்ல. என் ஃப்ரெண்டோட மச்சானுக்கு நடந்தது. கடை அவரோடதுதான்.

தலை நரைச்சதுக்கு அப்புறம் மனுஷனுக்கு கிளாசிக்கல் கிட்டார் ஆசை. "ஏங்க, விரல் மடங்குற வயசா இது?"ன்னு பொண்டாட்டி சிரிச்சா. அவரு காதுலயே போட்டுக்கல. அந்த வகுப்புல கிரேடு கிரேடா பாடம். அஞ்சாம் கிரேடுல இருந்து, ஒரு கிரேடு முடிஞ்சா, அதோட கடைசிப் பாடத்தை முழுசா வாசிச்சு ரெக்கார்ட் பண்ணி, வாத்தியாருக்கும் கூடப் படிக்கிறவங்களுக்கும் அனுப்பணும். வண்டிச் சத்தம் கிளம்புறதுக்குள்ள, கண் டெஸ்ட் பண்ற அந்த இருட்டு ரூம்ல உக்காந்துதான் ரெக்கார்ட் பண்ணுவாரு.

கூடப் படிச்சவர் ஒருத்தர், லிஃப்ட் மெக்கானிக். எத்தனை சோப்பு போட்டாலும் கையில கிரீஸ் வாடை... அதனால பேரே 'கிரீஸு'. ஆனா வாசிச்சா தேன். கஷ்டமான இடம் வர்றப்போ மூக்கால 'ஹ்ம்ம்'னு ஒரு மூச்சு இழுப்பாரு. அஞ்சாம் கிரேடு பாடத்தை இதே ரூம்ல, நம்ம கடைக்காரரோட ஃபோன்லதான் ரெக்கார்ட் பண்ணாரு. அனுப்புறதுக்குள்ள காய்ச்சல்ல படுத்தவர்... எந்திரிக்கவே இல்ல.

அந்தப் பாடத்துல நடுவுல ரெண்டு வரி. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே அழுத்திக்கிட்டு, மத்த விரலெல்லாம் ஓடணும். கடைக்காரருக்கு வரவே இல்ல. மாசக்கணக்கா மல்லுக்கட்டினாரு. கடைசில... செத்தவர் வாசிச்சதுல இருந்து அந்த ரெண்டு வரிய வெட்டி, தன்னோடதுல ஒட்டிட்டாரு. அதுல கேட்ட மூச்சுச் சத்தத்தை மட்டும் நீக்கிட்டாரு. மாட்டிக்குவோமோங்கிற பயத்துல, செத்தவரோட முழு ரெக்கார்டிங்கையே அழிச்சுட்டாரு.

வாத்தியார் சொன்னாரு, "நடுவுல பின்னிட்டீங்க சார்!" சிரிச்ச பொண்டாட்டியே வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினா. இவருக்கு சோறு இறங்கல.

ஒரு நாள் கிரீஸு சம்சாரம் கடைக்கு வந்துச்சு. "அண்ணே, அவரு வாசிச்சது ஏதாவது வச்சிருக்கீங்களா? எங்ககிட்ட ஒண்ணுமே இல்ல. பொண்ணு கேட்டுக்கிட்டே இருக்கா."

"இல்லம்மா."

வாய் கூசாம சொல்லிட்டாரு. அந்தம்மா "பரவால்லண்ணே"ன்னு சொன்னதுதான் தாங்க முடியல. வெறும் திருட்டோட போகல... இது ஒரு புள்ளைகிட்ட இருந்து அப்பனைப் புடுங்கின மாதிரி. கூனிக் குறுகிப் போயிட்டாரு.

அதுக்கப்புறம் ஆறாம் கிரேடு. காலைல வாசிச்சாரு. போட்டுக் கேட்டாரு. தான் தடுமாறுற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால...

'ஹ்ம்ம்.'

ரூம்ல வேற யாரும் இல்ல. ஆனா வாடை... கிரீஸ் வாடை. மறுபடி வாசிச்சாரு. இப்போ அந்த மூச்சு ரெக்கார்டிங்ல இல்ல. தோளுக்குப் பின்னால.

கிட்டாரைக் கீழ போட்டுட்டு ஓடினவர், விடிஞ்சதும் நேரா அந்தம்மா வீட்டுக்குப் போய் எல்லாத்தையும் கொட்டிட்டாரு. "நடுவுல ரெண்டு வரி மட்டும்தாம்மா மிச்சம். என்னைத் திட்டிடு."

அந்தம்மா திட்டல. அஞ்சாம் கிரேடு பாடத்தைப் போட்டுக் குடுத்த ஃபோனை வாங்கிக் காதுல வச்சுக்கிச்சு. பொண்ணையும் கூப்பிட்டு உக்கார வச்சுக்கிச்சு. முழுசாக் கேட்டுச்சுங்க. ரெண்டு பேர் கண்ணுலயும் தண்ணி.

"ஏண்ணே... மொதல்ல இருந்து கடைசி வரைக்கும் அவருதானே இது? மூச்சு விடுறதெல்லாம் கேக்குது." கண்ணைத் துடைச்சுக்கிட்டுக் கேட்டுச்சு... "நீங்க வாசிச்சது எங்க?"

கடைக்காரரு ஃபோனை அங்கயே விட்டுட்டு வந்துட்டாரு. கிட்டாரைத் தொடுறதில்ல. கடை மட்டும் நடத்துறாரு. ஆனா எத்தனை தடவை கை கழுவினாலும், அவரு துடைச்சுக் குடுக்குற கண்ணாடில ஒரு ரேகை விழுது. கறுப்பா. அவரே தன் விரலை வச்சு ஒத்துப் பாத்தாரு... அவரோடது இல்ல.

போன வாரம் நான் இந்தக் கண்ணாடிய அங்கதான் மாத்தினேன்.

இந்தா, லைட்டுக்கு நேரா புடிச்சுப் பாரு... ஏன், கிட்டக் கொண்டு போகாமயே மூக்கைப் பொத்துற?