பத்தாவது நிமிடத்தில் தட்டுகிறவள்

நீங்கள் கொடுத்த பேனா நன்றாக எழுதுகிறது, மேடம். எங்கள் வீட்டில் எழுதுகிற பேனா ஒன்றுகூடக் கிடையாது. ஒன்பது பேர் இருக்கிற வீட்டில் பேனாவுக்கும் துண்டுக்கும் ஆயுள் குறைவு.

நடந்ததை உன் கையாலேயே எழுது என்றீர்கள். எழுதுகிறேன். உட்கார்ந்தபடி செய்கிற வேலை எதுவானாலும் எனக்குச் சம்மதம்தான். வீட்டில் என்னைச் 'சொகுசு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் பத்திரமாக இருக்கிறது.

மூன்று அறை, ஒரு குளியலறை. அப்பா, அம்மா, பெரியண்ணன், அண்ணி, அவர்களுடைய இரட்டைப் பிள்ளைகள், சின்ன அண்ணன், அக்கா, நான். அப்பா முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே வீட்டையும் டிப்போவாக்கிவிட்டார். ஆளுக்குப் பத்து நிமிடம். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்து ஒரு சிலேட்டு மாட்டினார். யார், எத்தனை மணிக்கு உள்ளே, எத்தனை மணிக்கு வெளியே என்று சாக்பீஸால் எழுத வேண்டும். பத்தாவது நிமிடம் கதவைத் தட்ட ஓர் ஆள் வேண்டும். காலையில் அவசரமில்லாதவள் நான் ஒருத்திதான். ஜெராக்ஸ் கடையில் என் வேலை மதியத்துக்கு மேல்தான் தொடங்கும். ஆகவே கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள். நான் தட்டி, "வண்டிய எடுங்க, பின்னாடி வண்டி நிக்குது" என்பேன். இரட்டையர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வராது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் உங்களுக்குத் தேவைப்படும். ஒவ்வொருவருக்கும் எழுந்து எழுந்து எழுத எனக்கு அலுப்பு. அதனால் ஆறு மணிக்கே சிலேட்டு முழுவதையும் எழுதி வைத்துவிடுவேன். அப்பா ஆறிலிருந்து ஆறு பத்து, பெரியண்ணன் ஆறு பத்திலிருந்து ஆறு இருபது, இப்படியே கடைசியில் நான் வரைக்கும். இரட்டையர் சேர்ந்து குளிப்பதால் மொத்தம் எட்டு வரி. எழுதியபடியே எல்லாரும் வெளியே வந்துவிடுவார்கள். நான்தானே தட்டுகிறவள். அப்பாவுக்கு இது தெரியும். கண்டும் காணாமல் விட்டுவிட்டார்.

போன குளிர்காலத்தில் பெரியண்ணன் கேஸ் ஹீட்டர் வாங்கிக் குளியலறைக்குள்ளேயே மாட்டினான். மாட்டிய மெக்கானிக், சுவரின் உச்சியில் இருக்கும் காற்றுத் துவாரத்தை எப்போதும் திறந்து வைக்கச் சொன்னார். ஒன்பது பேரிடம் பொதுவாகச் சொன்னது ஒருவரிடமும் சொல்லாததுபோல. பிள்ளைகளுக்குச் சளி பிடிக்கிறதென்று ஒருநாள் அண்ணி பழைய போர்வைத் துண்டைச் சுருட்டி அந்தத் துவாரத்தில் அடைத்துவிட்டு, தானே முதலில் குளிக்கப் போனாள். பத்தாவது நிமிடம் தட்டினேன். பதிலில்லை. இரண்டு கையாலும் தட்டினேன். கதவைத் திறந்தவள் சுவரைப் பிடித்தபடியே வந்து வாந்தியெடுத்தாள். இரண்டு நாள் படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. அம்மா மூன்றாவது பேரப்பிள்ளை என்று சந்தோஷப்பட்டாள்.

அண்ணிக்குப் பின்னால் போனவர்களுக்கு ஹீட்டர் அணைந்து அணைந்து தண்ணீர் சுடவில்லை; மெக்கானிக்கை அன்றைக்கே கூப்பிட்டது அதற்காகத்தான். அவர் வந்தபோது, ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் நான் மட்டும்தான் விழித்திருந்தேன். துணியைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் வெளுத்துவிட்டது.

"யாரும்மா இத அடைச்சது? அடைச்சா ஹீட்டர்லேர்ந்து விஷக்காத்து உள்ளயே தங்கிடும், அதுக்கு வாசனை கிடையாது. தலை சுத்தும், தூக்கம் வரும், அவ்வளவுதான். நீ தட்டினதாலதான் உங்க அண்ணி பொழைச்சாங்க."

துணியை எடுத்து அழுக்குக் கூடைக்குப் பின்னால் போட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் எட்டுப் பேர் எட்டுக் கேள்வி கேட்பார்கள். அண்ணி துணியைத் தேடியபோது, பூஞ்சை பிடித்துவிட்டது, மறுபடி வைத்தால் பிள்ளைகளுக்குத்தான் ஆகாது என்றேன். அதோடு விஷயம் முடிந்தது. ஓர் உயிரைக் காப்பாற்றியவள் என்று என்னை யாரும் கொண்டாடவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

இப்போது அக்கா.

அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். கண்ணாடிக் கடையில் லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்தும் வேலை. விரல் நுனி எப்போதும் சொரசொரவென்று இருக்கும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவில் இருக்கும் வழியில்தான் எங்கள் இருவருக்கும் ஒரே படுக்கை. யாராவது தண்ணீர் குடிக்கப் போனால் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். மிதிபடாமல் இருக்க அக்கா வழிப்பக்கம் படுப்பாள், நான் சுவர்ப்பக்கம். இருபத்திரண்டு வருடமாக இதுதான் ஏற்பாடு. என் பங்கு வேலையையும் பாதிக்கு மேல் அவளே செய்துவிடுவாள். திட்டிக்கொண்டேதான் செய்வாள், ஆனால் செய்துவிடுவாள்.

வெளியூர்க் கண் மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. தங்க இடமும் கொடுத்தார்கள். தனி அறை, தனிக் கட்டில். இதை அவள் முதலில் அப்பாவிடம் சொன்னாள், பிறகு அம்மாவிடம், பிறகு அண்ணன்களிடம், அண்ணியிடம். எனக்கு இரட்டையர் சொல்லித்தான் தெரியும். "சின்னத்தை, பெரியத்தை ஊருக்குப் போறாங்களாமே" என்று கேட்கவில்லை அவர்கள். எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்து, "பெரியத்தை போனதும் அந்த இடத்துல நாங்க படுத்துக்கலாமா?" என்றார்கள்.

அன்றைக்கு அக்காவிடம் கேட்டேன், ஏன் என்னிடம் மட்டும் சொல்லவில்லை என்று. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். என் துணியைத்தான்.

"உனக்குத்தான் எதுவுமே பெருசில்லையேடி. சொன்னாலும் படுத்துக்கிட்டே 'ம்'னு சொல்லுவ. அதுக்கு எதுக்குச் சொல்லணும்?"

"ம்" என்றேன். அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். "போ, போ. படுக்கை முழுசா எனக்குத்தான்" என்றேன்.

எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். எனக்குக் கோபம் வராது என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். யோசனை மட்டும் வந்தது. வேலையில் சேர மூன்று நாள்தான் தவணை. தவறினால் பட்டியலில் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்று அக்காவே சொல்லியிருந்தாள். அண்ணி பத்து நிமிடத்தில் இரண்டு நாள் படுத்தாள். அக்கா திடகாத்திரமானவள். பன்னிரண்டு நிமிடம் போதும் என்று பட்டது. ஒரு வாரம் படுப்பாள். நான் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்வேன். வாழ்க்கையில் முதல் முறையாக நான் அவளுக்குச் செய்வேன், அவள் படுத்துக்கொண்டு 'ம்' சொல்வாள். இதில் யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை.

அவள் கிளம்ப வேண்டிய நாள். பஸ் ஒன்பது மணிக்கு. முந்தின நாள் சாப்பிடும்போது அப்பா அவர் வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார். "நாளைக்கு அவளுக்கு நேரக் கணக்கு கிடையாது. எவ்வளவு நேரம் வேணும்னாலும் குளிக்கட்டும். யாரும் தட்டக் கூடாது." அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் அதைவிடப் பெரிய சீர் எதுவும் கிடையாது.

காலையில் வழக்கம்போல் சிலேட்டை எழுதினேன். அப்பா, பெரியண்ணன், அண்ணி, இரட்டையர் நான்கு வரியும் எழுதியபடியே முடிந்தன. அக்கா ஐந்தாவது. அவள் துண்டோடு வந்தபோது நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு, "இரு, தரையெல்லாம் ஒரே வழுக்கல். தொடச்சு விடறேன்" என்று உள்ளே போனேன்.

"நீயா? இன்னிக்கு மழைதான் வரப்போகுது" என்றாள் அக்கா.

கதவைச் சாத்திக்கொண்டேன். தரையையும் துடைத்தேன். பொய் சொன்னதாக இருக்கக் கூடாதே. வெளியே வந்ததும் அவள் என் கன்னத்தை அந்தச் சொரசொரப்பான விரலால் தட்டினாள்.

"அப்பா சொன்னது கெடக்கட்டும். வெந்நீர் சுகத்துல நான் உள்ளயே தூங்கினாலும் தூங்கிடுவேன். பஸ் போயிடும். நீ பத்து நிமிஷத்துல தட்டிடு, என்ன?"

"ம்" என்றேன்.

ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவளுக்குக் குளிக்கும்போது பாடுகிற பழக்கம் உண்டு. ராகம் மட்டும்தான் இருக்கும், வார்த்தை இருக்காது. எட்டாவது நிமிடத்தில் பாட்டு நின்றது. தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பத்து ஆயிற்று. பன்னிரண்டு ஆயிற்று. சின்ன அண்ணன் பல் தேய்த்துக்கொண்டே வந்து, "இன்னும் ஆகலையா?" என்றான். "தலைக்குக் குளிக்கிறா. கடைசி நாள்தானே, விடு" என்றேன். அவன் போய்விட்டான். அம்மா வழியில் சாப்பிட அவள் பையில் ஏதேதோ திணித்துக்கொண்டிருந்தாள். பெரியண்ணன் பெட்டியின் பூட்டைச் சரிசெய்துகொண்டிருந்தான். எட்டுப் பேரும் வீட்டுக்குள்தான் இருந்தோம். ஒருவர் மூச்சு விட்டால் இன்னொருவருக்குக் கேட்கிற வீடு அது.

பதினைந்தாவது நிமிடத்தில் எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கைக்கு ஒரு முழத்தில் கதவு. எழுந்திருக்கக்கூட வேண்டாம், கையை நீட்டினால் போதும். உட்கார்ந்தே இருந்தேன். மனசுக்கு நிம்மதியாகவே இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஏழு பதினொன்றுக்கு அம்மாதான் வந்து தட்டினாள். பிறகு கத்தினாள். சின்ன அண்ணன் கதவை உடைத்தான். அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், கையில் சோப்பு. முகம் குளித்தெழுந்த பொலிவோடு நல்ல நிறமாக இருந்தது. அவளைத் தூக்கும்போது தலை என் தோளில் சாய்ந்தது. நான் வழிப்பக்கமாக நின்றேன்.

மேலே துணி இருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். எல்லாரும் அண்ணியைப் பார்த்தார்கள். பதினொரு நாள் அந்த வீட்டில் அண்ணிக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவில்லை. அவள் முதலில் இல்லை என்று அழுதாள். பிறகு, "ஒருவேளை நான்தான் வச்சேனோ" என்றாள். நான்காம் நாளுக்கெல்லாம் தான் வைத்ததாகவே நம்பிவிட்டாள். நான் அதைத் திருத்தப் போகவில்லை. பேச ஆரம்பித்தால் எட்டுக் கேள்வி.

பன்னிரண்டாம் நாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். மடியில் சிலேட்டு இருந்தது. அக்கா இறந்த அன்று காலையிலேயே கழற்றி, யாரும் தொடாமல் தன் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார். அவர் குரலை உயர்த்தவில்லை.

"பசங்க ஆறு நாப்பதுக்கு வெளிய. அக்கா ஆறு நாப்பத்தஞ்சுக்கு உள்ள. ஆறு மணிக்கே எழுதியிருக்க. நடுவுல அஞ்சு நிமிஷம் எதுக்கும்மா விட்ட?"

தரை துடைக்க, என்றேன்.

"தரை வழுக்கும்னு ஆறு மணிக்கே தெரியுமா?"

அப்பா அக்காவின் பெயருக்குக் கீழே விரலை வைத்தார். அவள் வெளியே வரும் நேரம் எழுதப்படவில்லை. அதற்கு நான் பொறுப்பில்லை, நேரக் கணக்கு கிடையாது என்று அவரே சொல்லியிருந்தார். அவர் விரல் அங்கே நிற்காமல் இன்னும் கீழே இறங்கியது. சின்ன அண்ணன், அம்மா, நான். மூன்று வரி. ஒவ்வொரு நாளும் நான் எழுதி வைக்கிற மூன்று வரி அன்றைக்கு மட்டும் காலியாக இருந்தது.

"அவளுக்கப்புறம் யாரும் குளிக்கப் போறதில்லைன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

சாக்பீஸ் தீர்ந்துவிட்டது என்றேன். அப்பா டப்பாவைத் திறந்து காட்டினார். ஆறு முழு சாக்பீஸ் இருந்தன. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, சிலேட்டைத் துண்டில் சுற்றி, ஸ்டேஷனுக்கு உங்களிடம் கொண்டுவந்தார். என்னையும் கூடவே கூட்டிவந்தார். வழி முழுக்க என் கையைப் பிடித்திருந்தார், சின்னப் பிள்ளையைப் பிடிப்பதுபோல.

எனவே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். ஸ்டூலில் ஏறித் துவாரத்தில் துணியை அடைத்தவள் நான்தான், அண்ணி இல்லை. இருபத்தாறு நிமிடம் கதவைத் தட்டாமல் இருந்தவளும் நான்தான். ஆனால் பன்னிரண்டாவது நிமிடத்தில் தட்டத்தான் இருந்தேன். இதை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள், மேடம். அக்கா செத்துப்போக வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எழுந்திருக்கச் சோம்பலாக இருந்தது, அவ்வளவுதான். அந்த மூன்று வரியும் அதே சோம்பலில்தான் விட்டுப்போயிருக்கும்.