மாமியாருக்குக் கேட்காமல் சொல்வது எப்படி

கேமரன் மலையில், தானா ராத்தாவில் பஸ் ஏறி, இயர்போனைக் காதில் செருகப் போனேன். முன் சீட்டுப் பெண் சொன்னாள்: "பரிசம் போடுறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன். எனக்கு ஹெர்பிஸ் இருக்கு."

சத்தியமாக, இயர்போன் பைக்குள் போய்விட்டது.

அவள் பக்கத்தில் தேயிலை ஃபேக்டரி சட்டையோடு இருந்தவன் அக்கம்பக்கம் பார்த்தான். பிறகு கேட்டான்.

"உதட்டுலயா?"

"இல்ல, கீழ. பழைய ஆளு குடுத்துட்டுப் போனது. நாலு வருஷமாச்சு."

"அப்ப முத்தம்?"

"அதெல்லாம் குடுக்கலாம் லா. புண்ணு வர்றதுக்கு முன்னாடி சுருக்கு சுருக்குன்னு குத்தும். அதுலேர்ந்து ஆறுற வரைக்கும் கூடப் படுக்குற பேச்சே கூடாது."

"மத்த நாளு?"

"ஒண்ணுமே இல்லாத நாள்லயும் ஒட்டிக்கலாம்னு டாக்டர் சொன்னாங்க. நான் தெனம் மாத்திரை போட்டு, நீங்க காண்டம் போட்டா ரிஸ்க் கொறையும். சுத்தமா போவாது. நல்லா யோசிச்சுக்கோங்க."

அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ரெண்டு வளைவு தாண்டியதும் அவள் பக்கம் சாய்ந்தான்.

"குத்துதுன்னா எனக்கு எப்படிச் சொல்லுவ? எங்க எஸ்டேட் லயத்து வீட்ல பலகைச் சுவரு. அந்தப் பக்கம் எங்கம்மா படுத்திருப்பாங்க."

"தலைவலின்னு சொல்றேன்."

"தைலத்தோட வந்துருவாங்க."

"வயித்துவலி?"

"ஓமத்தண்ணி வரும். கூடவே விசேஷமான்னு கேப்பாங்க."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"இருங்க. அப்ப உங்க வீட்டுக்கு நான் வர்றேனா?"

"பின்ன யாருக்குடி இவ்ளோ நேரமா சிக்னல் யோசிச்சிக்கிட்டு இருக்கேன்?"