பேச்சியின் பாவாடை

எங்கள் வீட்டில் கடையிலிருந்து வாங்குவது உப்பும் தீப்பெட்டியும் மண்ணெண்ணெயும்தான். மற்றதெல்லாம் என் கையால் ஆனவை. தலைக்குச் சீயக்காய், உடம்புக்குப் பூலாங்கிழங்கு சேர்த்த பாசிப்பயற்று மாவு, பிள்ளைகளுக்குக் கண்மை, மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய். செல்லூரில் எங்கள் சந்துக்குள் நுழைந்து ஒச்சாயி வீடு எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. சீயக்காய் வறுக்கும் வாசனையே கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

சோறு மீந்தால் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பேன். அதிலும் மீந்தால் அரைத்து வடகம் பிழிவேன். என் வீட்டுக்காரர் முத்திருளன் மில்லில் வேலை பார்க்கிறவர். அங்கே கழித்துப் போடும் பஞ்சைக் கொண்டுவந்தால் திரியாக்குவேன், தலையணைக்குள் திணிப்பேன். ஒரு பொருள் வீணாய்ப் போவதைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. ஐயா முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். அந்தத் துணியை ஏன் அவ்வளவு காலம் வைத்திருந்தாய் என்று கேட்டீர்கள். நான் எதையும் எறிந்து பழகியவள் இல்லை.

நீங்கள் வெளியூர்க்காரர் போலத் தெரிகிறது, அதனால் ஒன்றை விளக்கிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டோம். பிள்ளைகள் பிழைத்து நன்றாக வளர்ந்த வீட்டிலிருந்து பழைய துணி கேட்டு வாங்கி, அதில்தான் பிள்ளையைப் போடுவோம். பல தடவை துவைத்து நைந்த துணி பிஞ்சு உடம்பை உறுத்தாது. அந்த வீட்டு ஆயுசும் அதோடு சேர்ந்து வரும் என்பார்கள். அப்படி வாங்கிய துணிகளை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் முனியாயியிடம் கொடுத்து வெள்ளாவியில் அவித்து, வெயிலில் உலர்த்தி, நான்கு மடிப்பாக அடுக்கித் தைத்துக் கொடுப்பேன். முனியாயி எங்கள் சந்துக்கு வெளுப்பவள். அவள் அவித்த துணியில் ஒரு அழுக்கும் ஒரு நோயும் தங்காது. என் தையல் அடிப்பக்கம் முடிச்சே தெரியாது. இந்தச் சந்தில் பிறந்த பிள்ளைகள் பாதி என் தையலில் தூங்கியவை.

எனக்கும் ஒரு பிள்ளை இருந்தது. பேச்சி. அம்மை ஊசி குத்துகிறவர் எங்கள் சந்துக்கு வந்த அன்று அவளைப் பானைகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். ஊசி குத்தினால் பிள்ளைக்குக் காய்ச்சல் வருகிறது என்று எல்லோரும்தான் ஒளித்தார்கள். அந்த வெயில் காலத்தில் ஆத்தா வந்தாள். மற்ற வீடுகளில் இறங்கிப் போய்விட்டாள், எங்கள் வீட்டில் போகவில்லை. அம்மையில் போன பிள்ளையின் துணிமணியைக் குழிக்குள்ளேயே போட்டு மூடிவிட வேண்டும். போட்டேன். ஒன்றை மட்டும் போடவில்லை. என் கல்யாணச் சுங்குடிச் சேலையில் தைத்த பாவாடை. கடைசி வரைக்கும் அவள் இடுப்பில் கிடந்தது அதுதான். முத்து உடைந்து நீர் காய்ந்து விறைத்திருந்தது. அதை அப்படியே மடித்துத் தகரப்பெட்டிக்குள் வைத்தேன். அப்போது என் மனதில் எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை. இதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

"ஊசிக்காரன்ட்ட காட்டியிருந்தா எம்பிள்ள இருந்திருக்கும்" என்று என் வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. தட்டை வைத்தால் சாப்பிடுவார். தட்டை எடுத்துப் போகிறவள் யார் என்று நிமிர்ந்து பார்க்கமாட்டார். அடுத்த தை மாதம் தன் அக்காள் மகள் முத்துத்தாயைக் கட்டிக்கொண்டு வந்தார். முறைப்பெண்தான், ஊரில் யாரும் குறை சொல்ல இடமில்லை. அதுவரை என்னை அத்தை என்று கூப்பிட்டவள், தாலி ஏறிய மறுநாள் காலையில் அக்கா என்றாள்.

முத்துத்தாய் நல்ல பெண். அவள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அடுப்படியில் என் பின்னாலேயே நிற்பாள்.

"அக்கா, மாவு இன்னைக்கும் பொங்கி வழிஞ்சிருச்சு. ஒங்க கை பட்டா மட்டும் எப்பிடித்தேன் அடங்கிக் கெடக்கோ."

"வீட்டுக்காரரு மாதிரிதான்டி. எடம் விட்டு வச்சா வழியமாட்டாக."

விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். பேச்சி போன பிறகு அந்த வீட்டில் அதுதான் முதல் சிரிப்பு.

அவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அவர் என்னிடம் பேசினார். வெகு காலத்துக்குப் பிறகு பேசிய பேச்சு.

"பிள்ள பெறக்கட்டும். நீ கப்பலூருல ஒங்க அண்ணே வீட்டுல போயி இரு."

"எம்புட்டு நாளைக்கு?"

"இருன்டு சொல்றேன்ல. அந்தத் தகரப்பெட்டியையும் காலி பண்ணு. பிள்ள சாமான் வைக்கணும்."

பிள்ளை தங்காதவள் நிழல் பச்சைப்பிள்ளை மேல் விழக்கூடாது என்று அடுத்த வீட்டு அன்னக்கொடி சொல்லிக் கொடுத்திருக்கிறாள். அன்னக்கொடிக்கு வீடு நிறையப் பிள்ளைகள். சொல்லலாம். என் அண்ணன் விருமாண்டி வீட்டில் எனக்கு உள்ள இடம் எது என்று எனக்குத் தெரியும். மாட்டுக் கொட்டத்தின் ஓரம். அங்கே என் ஆட்டுரல் இருக்காது, ஊறுகாய் ஜாடிகள் இருக்காது, என்னைத் தேடி ஒருத்தியும் வரமாட்டாள். அந்த அடுப்படியை எடுத்துவிட்டால் ஒச்சாயி என்று சொல்ல என்ன மிஞ்சும் என்று நானே யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

கெஞ்சாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். வீட்டில் கெஞ்சினேன். கேட்காததால் மில் வாசலுக்கே போனேன். சங்கு ஊதி ஆட்கள் வெளியே வரும்போது எல்லோர் முன்னாலும் அவர் காலைப் பிடித்தேன். பின்கட்டில் இருந்துகொள்கிறேன், பிள்ளையின் முகத்தைக்கூடப் பார்க்கமாட்டேன், அடுப்பை மட்டும் என்னிடம் விடுங்கள் என்றேன்.

"மானத்த வாங்காத. எந்திரி."

அவ்வளவுதான் சொன்னார். என்னைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார். கூட வந்த ஒரு ஆள், "என்ன மாப்ள, வீட்டுல ரெண்டு அடுப்பா?" என்று கேட்டதும், அதற்கு நாலு பேர் சிரித்ததும் எனக்குக் கேட்டது. எழுந்து சேலையைத் தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து மாவு அரைத்தேன்.

இந்த நிலையில்தான் முத்துத்தாய் என்னிடம் துணி கேட்டாள். "எம்பிள்ளைக்கு நீங்கதேன்க்கா தச்சுத் தரணும்" என்றாள். குழாயடியில் அன்னக்கொடி அவளைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி, ஊரு ஒலகத்துல வேற கையே இல்லையா? பிள்ள தங்காத கையிலயா போயிக் கேக்குற?"

"துணி ஒங்க வீட்டுத் துணிதான மதினி. தைக்கிறதுதேன் அக்கா. எங்கக்கா தையலு ஒங்களுக்கு வருமா? நீங்க தச்ச ரவிக்கைய நான் பாத்திருக்கேன்ல."

குடத்தோடு நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்காகப் பேச அந்த ஊரில் அவள் ஒருத்திதான் இருந்தாள். அதை நான் மறுக்கவில்லை.

அவள் இன்னொன்றும் சொல்லிக்கொண்டே இருப்பாள். "பிள்ள பெறந்ததும் ஊசி குத்திரணும்க்கா. நம்ம பேச்சிக்கு ஆனது ஆகக்கூடாது." நம்ம பேச்சி என்பாள். ஊசிக்காரர் வந்தபோது வாசலுக்கு ஓடிப்போய்க் கேட்டாள். பச்சைப்பிள்ளைக்கு உடனே குத்தமாட்டார்கள், மாதங்கள் போக வேண்டும் என்று அவர் சொன்னார். நானும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டேன்.

அன்னக்கொடி வீட்டுத் துணிகள் வெள்ளாவிக்குப் போய்த் தும்பைப் பூவாகத் திரும்பி வந்தன. தகரப்பெட்டியைக் காலி செய்ய வேண்டியிருந்தது. பாவாடையை முன்னமே வெளியே எடுத்து வைத்திருந்தேன். எங்கே வைப்பது? கப்பலூர் மாட்டுக் கொட்டத்திலா? பேச்சி பிறந்த வீட்டில் பேச்சியின் துணி ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும் என்று தோன்றியது. ஆத்தா என்று ஒருத்தி இருக்கிறாள், அவள் பார்த்துச் செய்யட்டும், என் பங்குக்கு நான் தைக்கிறேன் என்று நினைத்தேன். வெள்ளை மடிப்பு மூன்று. அதன் மேல் பாவாடைத் துணியின் உள்பக்கம் வெளியே தெரியும்படி ஒரு மடிப்பு. பிள்ளையின் கன்னம் படும் இடம் அது. என் தையலிலேயே அதுதான் நல்ல தையல்.

"இதென்னக்கா, சுங்குடி மாதிரி இருக்கு?"

"வெறும் வெள்ளையா இருந்தா நல்லாவா இருக்கும்? அழகுக்குப் போட்டேன்."

"அழகாத்தேன் இருக்கு" என்று முகத்தில் வைத்துப் பார்த்தாள். பிடுங்கிவிடக் கை நீட்டினேன். பிறகு அவள் கையில் ஊசித் தழும்பு இருப்பது நினைவுக்கு வந்தது. எனக்கும் அவருக்கும் சின்ன வயதிலேயே அம்மை வார்த்து இறங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஒருத்தரிடம் ஆத்தா இரண்டாம் தடவை வருவதில்லை. வீட்டில் இருக்கிற எல்லோரையும் யோசித்துத்தான் வைத்தேன். யாருக்கும் கெடுதல் வந்துவிடக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன்.

ஆண் பிள்ளை. நல்ல நிறம். கப்பலூருக்கு வண்டி சொல்லியாகிவிட்டது. மறுவாரம் நான் கிளம்ப வேண்டும் என்றிருந்தபோது பிள்ளைக்கு உடம்பு சுட்டது. பிறகு முத்து போட்டது.

அம்மை கண்ட வீட்டிலிருந்து யாரும் வெளியே போகக்கூடாது, வெளியார் உள்ளே வரவும் மாட்டார்கள். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். அன்னக்கொடி தன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். வண்டிக்காரன் வரவில்லை. எல்லாம் என் தலையில் விழுந்தது. கூழ் காய்ச்சினேன், மஞ்சளும் வேப்பிலையும் அரைத்தேன், பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேப்பங்குலையால் வீசினேன். என்னைப் போல் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள யாராலும் முடியாது. நான் அதற்குப் பழகியவள். அந்த நாட்களில் அவர் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். "ஒச்சாயி, செத்த வந்து பாரு. பிள்ள கண்ணத் தெறக்க மாட்டேங்குது." எத்தனை காலம் கழித்து என் பேர் அவர் வாயில் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பார்த்தேன்.

பிள்ளை தங்கவில்லை.

முத்துத்தாய் என் மடியில் தலையை வைத்துக்கொண்டாள். "நீங்க போயிராதீகக்கா" என்றாள். நான் எங்கே போகப் போகிறேன் என்றேன். அவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். கப்பலூர்ப் பேச்சை அப்புறம் எடுக்கவே இல்லை. பிள்ளையின் துணியைக் குழிக்குள் போட வேண்டும் என்று சொன்னபோது அவள் அந்த விரிப்பை மட்டும் தரமாட்டேன் என்று கட்டிக்கொண்டாள். அதுதான் பிறகு உங்கள் ஆட்கள் கையில் கிடைத்தது.

இதோடு முடிந்திருக்கும். அன்னக்கொடி திரும்பி வந்ததும் ஒரு பேச்சைக் கிளப்பினாள். சந்தில் வேறு எந்த வீட்டிலும் அம்மை இல்லை, அப்படியானால் இது எப்படி வந்தது? முனியாயிதான் எங்கேயோ அம்மை வீட்டுத் துணியோடு சேர்த்து வெளுத்திருக்கிறாள் என்றாள். எல்லோரும் நம்பினார்கள். முனியாயியின் வெள்ளாவிப் பானையை உடைத்தார்கள். சந்துக்குள் கால் வைக்கக்கூடாது என்று விரட்டினார்கள். ஆத்து மணலில் அவள் உட்கார்ந்து அழுததைப் பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றாள்.

"தாயி, நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க. நான் அவிச்சுத்தானே குடுத்தேன்?"

அவித்துத்தான் கொடுத்தாள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. அவள் வேலை சுத்தமான வேலை. அவள் வெளுத்துக் கொடுத்து நான் தைத்த துணியால் இந்தச் சந்தில் ஒரு பிள்ளைக்கும் ஒரு சிரங்குகூட வந்ததில்லை. அவள் வேலை கெட்டது என்றால் நான் தைத்த அத்தனையும் கெட்டது என்றாகிவிடும். அதனால்தான் யாரும் கூப்பிடாமல் நானாக ஸ்டேஷனுக்கு வந்து சொன்னேன்.

நேற்று வக்கீல் ஐயா வந்தார். என் வயதையும் நான் பிள்ளையைப் பறிகொடுத்தவள் என்பதையும் சொல்லிப் பார்க்கலாம் என்றார். "எல்லாத் துணியோடயும் சேத்து அதையும் வெள்ளாவிக்குப் போட நினச்சேன், மறந்துட்டேன்டு மட்டும் சொல்லு தாயி. கயித்துலருந்து தப்பிச்சிரலாம்" என்றார். நல்ல மனிதர். எனக்காக அக்கறையாகத்தான் சொன்னார்.

இதெல்லாம் எவ்வளவு நாளில் முடியும் என்று தெரிந்தால் முத்துத்தாய்க்குச் சொல்லி அனுப்பலாம். நார்த்தங்காயை அவள் வெயிலில் வைத்திருக்கமாட்டாள், நான் போய்த்தான் பார்க்க வேண்டும். அவளுக்கு இனிமேல் நான்தான் எல்லாம். அடுத்த பிள்ளைக்கும் நான்தான் தைக்க வேண்டும் என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

மறந்துவிட்டேன் என்று மட்டும் எழுதாதீர்கள், ஐயா. வெள்ளாவிக்கு மூட்டை கட்டியபோது பாவாடை மேலாகத்தான் கிடந்தது. கையில் எடுத்தேன். முகர்ந்து பார்த்தேன். தனியே எடுத்து வைத்துவிட்டு, மூட்டையை முடிந்து முனியாயியிடம் கொடுத்தேன்.