நகல் மைக் பற்றி என் அபிப்பிராயம்

நகல் மைக் வாங்கலாமா என்று கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, உங்கள் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்பதுதான். ஜன்னலைச் சரியாக அடைக்காத அறையில் எவ்வளவு பெரிய மைக்கை வைத்தாலும் அது தெருவைத்தான் பதிவு செய்யும். முதலில் கனமான திரை வாங்குங்கள், மற்றதைப் பிறகு பேசலாம் என்பேன். பாதிப் பேர் அதோடு போய்விடுவார்கள்.

அன்று காலை நடந்ததை மட்டும் சொல்லச் சொல்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் மைக்கைப் பற்றித் தெரியாமல் அன்று காலை உங்களுக்குப் புரியாது.

இருபத்தாறு வருடமாக ஒலிப்பதிவு செய்கிறேன். தொழிலில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘காது’ என்பார்கள். எந்தப் பொருள் வாங்கினாலும் காதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, விவரத்துக்குச் சொல்கிறேன்.

பழைய பெரிய மைக்குகளை இப்போது யாரும் செய்வதில்லை. குரலை வாங்கிக்கொள்ள உள்ளே தங்கம் பூசிய ஒரு மெல்லிய தகடு, அதற்குக் கீழே விரல் நீளத்துக்குக் கண்ணாடி வால்வு, மின்சாரம் கொடுக்கச் செருப்புப் பெட்டி அளவில் தனியாக ஒரு இரும்புப் பெட்டி. இதைப் பார்த்து அச்சு அசலாகச் செய்து விற்பதுதான் நகல். மலிவு நகலில் குழப்பமே இல்லை, வாயைத் திறந்ததும் தெரிந்துவிடும். ஒரு சின்னக் கார் விலைக்கு விற்கிறார்களே, அந்த நகலில்தான் ஆட்கள் தடுமாறுவார்கள். அசலில் நாலில் ஒரு பங்கு விலை, சத்தம் அசலைப் போலவே என்பார்கள். ‘போலவே’ என்று யாராவது சொன்னால் நான் பேச்சை முடித்துவிடுவேன்.

என்னிடம் இருந்தது அசல். மூடிவிட்ட ஒரு பெரிய ஸ்டுடியோவிலிருந்து வந்தது. வீட்டில் அதற்குப் ‘பெரியவர்’ என்று பேர், என் மனைவி வைத்தது. அவள் ஒலிநூல் வாசிப்பவள். பதினெட்டு வருடமாக அவள் குரல் பெரியவர் வழியாகத்தான் வெளியே போனது.

அவளுடைய தம்பி, என் மச்சினன், மாடியில் நான் ஸ்டுடியோ போட்ட நாளிலிருந்து கூட இருந்தான். பழுது பார்ப்பவன். சட்டைப்பையில் எப்போதும் ஒரு ஈயக்கம்பிச் சுருள் இருக்கும், அதனால் எல்லோருக்கும் அவன் ‘ஈயம்’. தனி ஆள். மதியச் சாப்பாடு எங்களோடுதான். நானும் அவனும் ஒரு நாள்கூடக் குரலை உயர்த்திப் பேசிக்கொண்டதில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள். கோபத்தில் நடந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

போன வருடம் ஒரு காலையில் அவள் வாசித்துக்கொண்டிருந்தாள். ‘ச’, ‘ஸ’ வரும் இடங்களில் மெல்லிய தாளைக் கிழிப்பது போல ஒரு மினுக்கு உண்டு. அன்றைக்கு அது இல்லை. யாரோ மைக்மேல் போர்வை போர்த்திவிட்டது போல இருந்தது.

“தொண்டை சரியில்லையா?” என்று கேட்டேன்.

“நல்லாத்தானே இருக்கு. ஏன்?”

“மழுங்கலா வருது.”

“எனக்கு எப்பவும் போலத்தான் கேக்குது.”

ஈயத்தைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டான். பிறகு என்னைப் பார்க்காமல் அக்காவைப் பார்த்தான். அரை நொடி இருக்கும். என் தொழிலில் அரை நொடி பெரிய விஷயம்.

“வயர்ல ஏதாவது இருக்கும் அத்தான், மாத்திப் பாக்கறேன்” என்றான். மாற்றினான். ஒன்றும் மாறவில்லை. “இப்ப சரியாயிடுச்சு” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

அன்றிலிருந்து நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தேன். பெரியவரின் உடலில் நான்கு திருகுகள். மனைவியின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து, ஒவ்வொரு திருகின் தலைக்கும் உடலுக்குமாகச் சேர்த்து முடி கனத்தில் ஒரு கோடு போட்டேன். யாராவது கழற்றி மாட்டினால் கோடு பிசகும். மூன்று வாரம் பார்த்தேன், பிசகவில்லை. ஆக, கோடு போடுவதற்கு முன்பே அவன் வேலையை முடித்துவிட்டான். அந்தத் தங்கத் தகட்டை எடுத்துக்கொண்டு வேறொன்றை வைத்திருக்கிறான். அதைச் செய்யத் தெரிந்த கை அந்த வீட்டில் ஒன்றுதான்.

ஆதாரம் கேட்பீர்கள். அதையும் தேடினேன். நான் முடித்து வைத்த வேலைகளை, நான் வெளியே போன நேரமாகப் பார்த்து யாரோ திறந்து திருத்தியிருப்பது கம்ப்யூட்டரில் தேதியோடு இருந்தது. எட்டு மாதமாக. நான் சத்தத்தின் கூர்மையை ஏற்றி வைத்த இடத்திலெல்லாம் அவன் இறக்கி வைத்திருந்தான். வாடிக்கையாளர்கள் யாரும் குறை சொல்லவில்லை, பாராட்டித்தான் எழுதியிருந்தார்கள். ஆனால் என் வேலையில் எனக்குத் தெரியாமல் கை வைத்தவன் எதில்தான் வைக்க மாட்டான்?

அதற்குப் பிறகுதான் அவன் நகலைக் கொண்டுவந்தான். விலை உயர்ந்த நகல். வெள்ளிநிறப் பெட்டி, உள்ளே நீல வெல்வெட்.

“வாங்கியே வந்துட்டியா மாப்ளே?”

“பத்து நாளைக்குள்ள திருப்பிக் குடுத்துடலாம் அத்தான். இவ்வளவு விலை போட்டு வாங்கலாமா, வேண்டாமான்னு நீங்க சொல்லுங்க. உங்க காதுதான் முடிவு.”

நன்றாகக் காதில் பூ சுற்றுகிறான் என்று நினைத்துக்கொண்டேன். நீங்களே யோசியுங்கள். ஒரே அறையில் அசலும் அதைப் போலவே ஒரு நகலும். எதற்காக ஒருவன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துவான்? தகட்டை எடுத்தாயிற்று. இனி மொத்தமாக எடுத்துக்கொண்டு நகலை நிறுத்திவிட்டுப் போக வேண்டியதுதான் பாக்கி.

அவனே ஒரு சோதனை வைக்கலாம் என்றான். இரண்டு மைக்குக்கும் ஒரே கறுப்புத் துணி. மனைவி ஒரே பத்தியை வாசித்தாள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, எது அசல் என்று காகிதத்தில் எழுத வேண்டும். ஐந்து முறை வாசித்தாள். ஐந்து முறையும் எழுதினேன். துணியை எடுத்தார்கள். நான்கு முறை நகலை அசல் என்று எழுதியிருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் பரவாயில்லை. மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு கீழே போனாள். ஈயம் நாற்காலியை என் அருகே இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அத்தான், தப்பா நினைக்கக் கூடாது. ஒரு தடவை காது டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா? நானும் கூட வரேன்.”

“எதுக்கு?”

“வயசானா எல்லாருக்கும் மேல்சத்தம், அந்த ‘ஸ’ மாதிரி கூரானது, கொஞ்சம் கம்மியாத்தான் கேக்கும். அக்காவுக்கும் தெரியும். நாங்க யார்கிட்டயும் சொல்லலை.”

நாங்கள் என்றான். காதுக்குக் காது கேட்கவில்லை என்று ஒரு மருத்துவரின் கையெழுத்து வந்துவிட்டால், பெரியவர் மாறிவிட்டார் என்று நான் சொல்வதை அப்புறம் யார் நம்புவார்கள்? எவ்வளவு பொறுமையாகக் கட்டியிருக்கிறான் பாருங்கள். எனக்கு அவன்மேல் ஒரு மரியாதையே வந்தது. “சரி மாப்ளே, போகலாம்” என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இப்போது அன்று காலை.

வியாழக்கிழமை. மனைவி கடைக்குப் போயிருந்தாள். இரும்புப் பெட்டியில் ஒரு ரீங்காரம் கேட்கிறது, திறந்து பார் என்றேன். கேட்டதும் உண்மைதான். இரண்டு வருடமாகவே எனக்கு அது கேட்கிறது. இந்த அறையிலும் கேட்கிறது. உங்கள் விளக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். அவன் பெட்டிமேல் காதை வைத்துப் பார்த்தான். அவனுக்குக் கேட்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. ஆனாலும் மறுத்துப் பேசவில்லை. கொஞ்ச நாளாகவே நான் எதைச் சொன்னாலும் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

“சரி அத்தான், பாத்துடலாம்.”

தரையில் உட்கார்ந்து மூடியைக் கழற்றினான். சுவிட்ச் போர்டு என் முதுகுக்குப் பின்னால். அந்தப் பெட்டி உயிர் வாங்கும் பெட்டி, இருவருக்கும் தெரியும். அதனால் எத்தனையோ வருடமாக எங்களுக்குள் ஒரு முறை. அவன் கேட்பான், நான் பார்த்துச் சொல்வேன்.

“மெயின் ஆஃபா அத்தான்?”

“ஆஃப்” என்றேன்.

அவ்வளவுதான். ஒரே ஒரு சொல். நூற்றுக்கணக்கான முறை சொன்ன அதே சொல், அதே குரலில்.

டெஸ்டர் வைத்துப் பார்த்திருக்கலாமே என்கிறீர்கள். பார்ப்பான், எப்போதும் பார்ப்பான். அன்று பையில் துழாவினான், கிடைக்கவில்லை. தலையைத் தூக்கி என்னை ஒரு முறை பார்த்தான், நான் சும்மா நின்றேன். அதனால் கையை வைத்தான். அவனுடைய டெஸ்டர் என் சட்டைப்பைக்கு எப்படி வந்தது என்று தெரியாது என்று முதல் நாள் உங்களிடம் சொல்லியிருந்தேன். அது சரியில்லை. அவன் டீ குடிக்க எழுந்து போனபோது நான்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். சட்டையைத் துவைக்க எடுத்தவள் அதைக் கண்டுபிடித்து, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராக உங்களிடம் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்தியவள்.

அவன் கத்தவில்லை. ஏதோ சொல்ல வாயெடுத்தது போல ஒரு மூச்சு, பிறகு சுவரில் தலை மோதும் சத்தம். நான் திரும்பி மெயினை அணைத்தேன். உடனே அணைத்தேன், அதைக் குறித்துக்கொள்ளுங்கள். குனிந்து பார்த்தேன். மூச்சு இருந்தது. மேலும் கீழுமாக, ஒழுங்கில்லாமல். விரல்கள் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தன.

ஆம்புலன்ஸைக் கூப்பிடப் பதினான்கு நிமிடம் ஆயிற்று. ஏன் என்று உங்கள் மேலதிகாரி மூன்று முறை கேட்டார், பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். நான் பெரியவரைத் திறந்துகொண்டிருந்தேன். அந்த வேலையை அவசரமாகச் செய்ய முடியாது. நான்கு திருகு, வலைமூடி, பிறகு தகடு. தகட்டின் விளிம்பில் ஏழு இலக்க எண் ஒன்று பொறித்திருப்பார்கள். வாங்கிய அன்றே அதை என் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட்டேன். இரண்டு முறை. நடுவில் அவன் “அக்கா” என்றான் என்று நினைக்கிறேன். திட்டவட்டமாகச் சொல்ல முடியாது, எண்ணில் கவனமாக இருந்தேன்.

பிறகு நான்கு திருகையும் மாட்டினேன், போன் செய்தேன். ஐந்து நிமிடம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்னதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். அது அவர் தொழில். மாடிப்படியில் மனைவியின் செருப்புச் சத்தம் கேட்டபோது நான் அவன் தலைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் எழுத்தர் எழுதுவதை நிறுத்திவிட்டார். களைத்திருப்பார். முடித்துவிடுகிறேன்.

அவன் பையில் இருந்த காகிதத்தைக் காட்டினீர்கள். காது மருத்துவரிடம் என் பெயரில் வாங்கிய நேரம், அடுத்த புதன்கிழமை காலை பத்தரை. நகலைத் திருப்பிக் கொடுப்பதற்கு அவன் கடையில் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தானாம். நாங்கள் வாயால் சொன்னால் அவர் மனசு உடைந்துவிடும், அவராகவே தெரிந்துகொள்ளட்டும் என்று அக்காவும் தம்பியும் பேசி வைத்துத்தான் அந்தச் சோதனையை நடத்தினார்களாம். என் வேலைகளைத் திருத்தியதும் என் பேர் கெடக் கூடாது என்றுதானாம். அப்படியென்று அவள் அழுதுகொண்டே எழுதிக் கொடுத்திருக்கிறாள். தம்பியை அவள் எப்போதும் விட்டுக்கொடுத்ததில்லை.

நகலைப் பற்றி நீங்கள் ஆர்வத்தில் கேட்டதால் சொல்கிறேன். வாங்கலாம். மோசமில்லை. ஆனால் வீட்டில் ஏற்கெனவே அசல் இருந்தால், நகலைப் பக்கத்தில் கொண்டுவர விடாதீர்கள்.

எண் பொருந்தியதா என்று கேட்கிறீர்கள். பொருந்தியது, ஏழு இலக்கமும். தகடு அசல்தான். அந்த நான்கு கோடும் நான் போட்டபடியேதான் இருந்தன. அவனைக் கொன்றது நான்தான், அதில் இனி மாற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். எனக்குப் புரியாமல் இருப்பது ஒன்றே ஒன்றுதான், அதைச் சொல்ல இப்போது அவனும் இல்லை. நானும் இவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவன் அதை எப்போது திருப்பி வைத்தான்?